தெளிவும் மங்கலும்: ஜூலியா மார்கரெட் காமரன் எடுத்த இலங்கைப் படங்கள்

நிழற்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பது பொதுமக்கள் கொள்கை. ஓவியன் தான் விரும்பியதை வரைகிறான், வேண்டாததை விட்டுவிடுகிறான். காமிராவோ தன்முன் நிற்பது எதுவாயினும் அதனைப் பற்றிக்கொள்கிறது. ஆதலின் படம் எடுப்பவனுக்குத் தெரிவு செய்யும் உரிமை இல்லை என்றும், தெரிவு இல்லாத இடத்தில் கலை இல்லை என்றும் தொடக்கக் காலத்தார் பலர் எண்ணினர். அவ்வெண்ணத்தை மாற்றியவற்றுள் வில்லை தலையாயது. ஒரு பொருளைத் தெளிவாகக் காட்டி, அதன் முன்னும் பின்னும் பக்கங்களிலும் உள்ளவற்றை மங்கவிடும் வில்லைகள் இன்று பலவகையாக விற்பனைக்கு வருகின்றன. அவற்றால் எடுத்த படங்களைப் படைப்பு என்று பாராட்டுவோரும் உளர். பார்வைக் கோளாறு என்று நகைப்போரும் உளர்.

இவ்வழக்குப் புதியதன்று. நூற்றறுபது ஆண்டுகட்கு முன்பே இங்கிலாந்தில் ஓர் அம்மையாரை நடுவில் நிறுத்தி இதே வழக்கு ஆடப்பட்டது. அவ்வழக்கின் இறுதிப் பகுதி லண்டன் நகரத்துக் காட்சிச்சாலையில் நிகழவில்லை. தமிழர் காப்பிச் செடி நட்டு உழைத்த இலங்கைத் தீவில் நிகழ்ந்தது. எது தெளிவாகத் தெரியவேண்டும், எது மங்கவேண்டும், அதனை முடிவு செய்பவர் யார் என்னும் வினா அங்கே வெறும் கருவி பற்றிய வினாவாக நிற்கவில்லை. மனிதரைப் பற்றிய வினாவாயிற்று. தமிழாசிரியர்கள் இதனைக் கருதிப் பார்ப்பது பொருத்தமாகும்.

வில்லையின் இயல்பு

1840ஆம் ஆண்டில் வியன்னா நகரிற் கணிதப் பேராசிரியராக விளங்கிய யோசப் பெட்ஸ்வால் என்பார் ஆளுருவப் படத்திற்கென ஒரு வில்லையைக் கணித்து அமைத்தார். அதற்கு முன் இருந்த வில்லைகள் உள்ளே விட்ட ஒளியைப்போல் பதினைந்து மடங்குக்குக் குறையாத ஒளியை அது உள்ளே விட்டது. ஆதலின் படத்திற்கு அமர்வோர் பல நிமிடம் அசையாதிருக்கவேண்டிய துன்பம் குறைந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. படத்தின் நடுவில் தெளிவு மிகுதி. ஓரம் செல்லச் செல்லத் தெளிவு குன்றி, உருவங்கள் சுழல்வனபோல் கலங்கின.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, அவ்வில்லை காட்சியைத் தட்டையான தளத்தில் குவிக்காமல் கிண்ணம் போன்ற வளைந்த தளத்தில் குவிக்கிறது. கண்ணாடித் தகடோ தட்டையானது. நடுப்பகுதி பொருந்தினால் ஓரம் பொருந்துவதில்லை. இரண்டாவது, அகன்ற துளை. கண்பார்வை குன்றிய முதியவர் எழுத்தைப் படிக்க முயலும்போது இமைகளை இடுக்கிக்கொள்வதை எவரும் கண்டிருப்பர். துளை சிறுத்தால் தெளிவின் ஆழம் பெருகும். துளை அகன்றால் அவ்வாழம் சுருங்கும். துளை மிக அகன்று, ஆளும் மிக அருகில் இருந்தால், கண்ணிமை தெளிவாகத் தெரியும்போதே காது மங்கிவிடும்.

ஒளிநூலார் இவற்றைக் குற்றங்கள் என்றே எண்ணினர். அவற்றைக் களையப் பல்லாண்டு உழைத்தனர். குற்றம் என்று ஒதுக்கப்பட்டதைக் குணமாகக் கொண்டவர் ஒருவர் தோன்றினார். அவரே ஜூலியா மார்கரெட் காமரன்.

காமரன் அம்மையாரின் முறை

1815ஆம் ஆண்டில் கல்கத்தாவிற் பிறந்தவர் இவ்வம்மையார். இவருடைய கணவர் சார்லஸ் ஹே காமரன், இலங்கையின் ஆட்சிமுறையையும் நீதிமுறையையும் மாற்றியமைத்த 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களோடு கோல்புரூக் என்பாருடன் சேர்த்துப் பெயர் சொல்லப்படுபவர். பின்னர் அத்தீவிலே காப்பித் தோட்டங்களை வாங்கியவர். 1863ஆம் ஆண்டின் இறுதியில், நாற்பத்தெட்டு வயது நிரம்பிய அம்மையாருக்கு மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். கோழிக்கூட்டைக் கண்ணாடி வீடாக்கி, நிலக்கரி வைத்திருந்த அறையை இருட்டறையாக்கி அவர் தொழிலைத் தொடங்கினார்.

அவருடைய முதற் காமிராவில் இருந்தது பெட்ஸ்வால் வகையைச் சேர்ந்த, ஜாமின் என்னும் பிரெஞ்சுத் தொழிலாளர் செய்த வில்லை. பின்னர் டால்மையர் நிறுவனத்தின் முப்பது அங்குலக் குவியத்தூரமுள்ள பெரிய வில்லையையும், பதினைந்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளையும் கையாண்டார். ஆளை அருகிருத்தி, தலையை மட்டும் பெரிதாக எடுத்தார். அமர்ந்தவர் சில நிமிடம் அசையாதிருக்க வேண்டும்; மூச்சின் அசைவும் படத்தில் ஏறிற்று. தேய்கண்ணாடியில் உருவத்தைப் பார்த்துக்கொண்டே வில்லையைத் திருகும்போது, கண்ணுக்கு எந்த நிலை அழகாகத் தோன்றிற்றோ அந்த நிலையிலேயே நிறுத்திவிட்டதாகவும், மேலும் திருகிக் கூர்மையைத் தேடவில்லை என்றும் அவரே தம் குறிப்பில் எழுதியுள்ளார். மற்றவர் முடிவு என்று கொண்ட இடத்திற்கு முன்பே அவர் நின்றார்.

இம்முறையில் எடுத்த ஹெர்ஷல், கார்லைல், டெனிசன் ஆகியோரின் படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. 1867ஆம் ஆண்டில் எடுத்த வானநூலறிஞர் ஹெர்ஷலின் படத்தில் கருநிறத் துணியும் கருநிறப் பின்னணியும் ஒன்றாகிவிடுகின்றன. நரைமயிரும் விழியும் மட்டுமே ஒளியில் எழுகின்றன. அவர் எங்கே அமர்ந்திருந்தார், எத்தகைய நாற்காலி என்பவற்றைப் படம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பெயரும் புகழும் உடைய மனிதர் அவர். பின்னணி மங்கியதால் அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

அக்கால நிழற்படச் சங்கத்தின் இதழ் அவருடைய படங்களைக் குறைகூறிற்று. துணிவைப் பாராட்டி, தொழில் தெரியாதவர் என்று கடிந்தது. தெளிவு என்பது எது, அதனை வரையறுக்கும் உரிமை எவருக்கு உண்டு என்ற பொருள்பட அம்மையார் ஹெர்ஷலுக்கு எழுதிய மடலில் வினவினார். வினா நேர்மையானது. 1889ஆம் ஆண்டில் எமர்சன் என்பார், மனிதக் கண்ணே பார்வையின் நடுவை மட்டும் கூர்மையாகக் காண்கிறது, ஆகவே படமும் அவ்வாறே இருத்தல் இயற்கை என்று ஒரு நூலே எழுதினார். ஓரிரண்டு ஆண்டுகளில் கலை பற்றிய தம் கோட்பாட்டைத் தாமே மறுத்தும் எழுதினார். மறுத்தது ஒருபுறம் இருக்க, அவர் வாதத்தில் ஒரு குறை உண்டு. கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. மங்கலாகத் தெரிவதன்மேல் அடுத்த நொடியே திரும்பி அதனையும் தெளிவாகக் காண்கிறது. படத்தில் மங்கியது என்றென்றும் மங்கியதே. எனவே மங்கவிடுதல் இயற்கையைப் பின்பற்றுதல் அன்று, ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்றால் அதற்குப் பொறுப்பும் உண்டு.

இலங்கையில்

1875ஆம் ஆண்டில் காமரன் குடும்பம் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பற்றியிருந்தது. 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட அந்நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் அத்தொழிலையே அழித்தது. அத்தோட்டங்களில் உழைத்தவர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தவர்கள். வழியிலேயே மாண்டவரும் பலர்.

அம்மையார் களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த காலத்தில் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. ஈரத் தகட்டு முறையில் தகட்டின்மேற் பூசும் மருந்து உலருமுன் படம் எடுத்துக் கழுவி முடிக்கவேண்டும். வெப்ப நாட்டில் அம்மருந்து விரைந்து உலரும். அந்தச் சிலவற்றில் வீட்டு ஏவலரும் தோட்டத் தொழிலாளரும் ஊர்மக்களும் இடம்பெற்றுள்ளனர். 1879ஆம் ஆண்டு சனவரித் திங்களில் டிக்கோயாவிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் காலமானார். பொகவந்தலாவைக் கோயில் வளாகத்தில் அவருடைய கல்லறை உள்ளது.

இப்படங்களை மதிப்பிடுவோர் முதலில் ஒரு நன்மையைச் சொல்லியாக வேண்டும். அக்காலத்தில் ஆட்சியாளரும் வணிகரும் கீழைநாட்டு மக்களைப் படமெடுத்த முறை வேறு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் நூல், ஒவ்வொரு சாதியாரையும் இனத்தாரையும் மாதிரிப் பொருள்களைப்போல் நிறுத்திக் காட்டிற்று. அங்கே வேண்டியது கூர்மை. மூக்கும் நெற்றியும் உடையும் அணியும் எண்ணத்தக்கவாறு தெரியவேண்டும். அத்தகைய கூர்மை மரியாதை ஆகாது; அளவெடுத்தலே ஆகும். காமரன் அம்மையார் எவரையும் அளவெடுக்கவில்லை. தம் நாட்டுப் பெருமக்களை எந்த ஒளியில் கண்டாரோ, அந்த ஒளியிலேயே இவர்களையும் காண முயன்றார். வில்லையின் மென்மை இங்கே ஒரு கண்ணியத்தைத் தந்தது என்பதை மறுத்தல் அறமாகாது.

ஆயினும் குறையும் உண்டு, அது சிறிதன்று. 1878ஆம் ஆண்டில் எடுத்த களுத்துறைக் குடியானவர் குழு என்னும் படத்தின்மேல் அம்மையார் தம் கையால் ஒரு குறிப்பு எழுதினார். சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்று சொல்கிறார் என்றும், தமக்கு வயது நூறு என்கிறார் என்றும் அக்குறிப்புக் கூறுகிறது. வயதை எழுதினார், உறவை எழுதினார், பெயரை எழுதவில்லை. முதியவரோடு பேச்சு நடந்திருக்கிறது என்பது குறிப்பிலிருந்தே விளங்குகிறது. பெயரைக் கேட்க ஒரு சொல் போதும். இலங்கைப் படங்களிற் பல இன்று தலைப்பற்றவை என்றே அருங்காட்சியகப் பட்டியல்களில் உள்ளன. அவற்றில் நிற்பவருள் தமிழர் யாவர், சிங்களவர் யாவர் என்பதையும் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் வரலாறாகாது.

ஓவியம் வரைந்து உலகம் சுற்றிய மரியான் நார்த் என்னும் அம்மையார் 1877ஆம் ஆண்டில் களுத்துறையில் காமரன் வீட்டில் தங்கினார். பின்னர் வெளிவந்த அவருடைய நினைவுநூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவனுடைய முதுகின் அழகில் ஈடுபட்ட காமரன் அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக அமர்த்தியே ஆகவேண்டும் என்று மகனை வற்புறுத்தினாராம். வீட்டிலோ தோட்டம் இல்லை. தோட்டக்காரன் என்ற சொல்லின் பொருளும் அவனுக்குத் தெரியாது. இதனை நகைச்சுவையாகவே நார்த் எழுதினார். தமிழ் படிப்போர்க்கு இது நகைச்சுவையோடு நின்றுவிடுவதில்லை. முதுகின் அழகு உலகறிய நின்றது. அம்முதுகுக்கு உரியவன் பெயர் நிற்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படுவதுண்டு. இங்கிலாந்திலும் அவர் வீட்டுப் பணிப்பெண்களைக் கன்னி மரியாளாகவும் காவிய மாந்தராகவும் நிறுத்திப் படமெடுத்தார். அங்கும் அவர்கள் பெயர் தலைப்பில் வரவில்லை. ஆதலின் இலங்கையில் வேறுபாடு காட்டினார் என்பது பொருந்தாது என்பர். மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அப்பணிப்பெண்களான மேரி ஹில்லியர், மேரி ரயன் ஆகியோர் பெயர்கள் இன்று நூல்களில் உள்ளன. மங்கலுக்குப் பின்னும் அவர்கள் மீட்கப்பட்டனர். களுத்துறைச் சிறுமியை மீட்க வழியில்லை. மற்றொன்றும் காணத்தக்கது. ஹெர்ஷலின் முகத்தை மிக அருகில் வைத்து எடுத்தவர், இலங்கையிற் பெரும்பாலும் ஆளைச் சற்று விலக்கியே நிறுத்தினார். விலகினால் தெளிவின் ஆழம் பெருகும் என்பது வில்லையின் இயல்பு. எனவே இலங்கைப் படங்கள் சிலவற்றில் மங்கல் குறைவு. ஆனால் முகத்தை அணுகிப் பார்க்கும் உறவும் உடன் குறைந்தது. நீலவொளிக்கு மட்டுமே எளிதில் இணங்கிய அக்காலத் தகடுகள் மாநிறத்தை உள்ளதைவிடக் கருமையாகப் பதித்தன என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

தொல்காப்பியம் தரும் அளவுகோல்

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் ஓர் இலக்கணம் நினைவுக்கு வருதல் இயல்பு. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறுதல் இல்லை என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. புறத்திணையில் பெயர் வரும். அவ்வாறாயின் பெயரில்லாமை குறையாகுமா? அகப்பாட்டில் தலைவிக்குப் பெயர் இல்லாததால் அவள் எல்லார்க்கும் உரியவள் ஆகிறாள் அன்றோ? அம்மையாரின் இலங்கைப் படங்களையும் அகம் என்று கொண்டால் என்ன?

இவ்வாதம் இனிமையானது; ஆனால் நிலைக்காது. அகப்பாட்டிற் பெயர் இல்லை என்றாலும் நிலம் உண்டு, பொழுது உண்டு, மரமும் பறவையும் தொழிலும் உண்டு. முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்த தொல்காப்பியர், அவற்றை ஒன்றினொன்று சிறந்தனவாகவும் வைத்தார். முதலினும் கரு சிறந்தது. கருவினும் உரி சிறந்தது. ஒருவகையில் இதுவும் தெளிவு வகுக்கும் முறையே. மனித உணர்வாகிய உரிப்பொருள்மேல் முழுத் தெளிவு விழுகிறது. கருப்பொருள் அதற்கு அடுத்து நிற்கிறது. நிலமும் பொழுதும் பின்னே நிற்கின்றன. ஆயினும் பின்னே நிற்பது அழிந்துவிடுவதில்லை. புன்னைப் பூவும் கடற்காற்றும் இல்லாமல் நெய்தல் இரங்கல் இல்லை. இறைச்சியும் உள்ளுறையும் அந்தப் பின்னணியிலேயே தங்கியுள்ளன.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் இலங்கைப் படங்களின் நிறைவும் குறைவும் விளங்கும். உரிப்பொருளை அம்மையார் தேடினார், அது நிறைவு. தோட்டத்து நிலமும், துருப்பிடித்த காப்பிச் செடியும், லயத்து வாயிலும், கையிற் பிடித்த கருவியும் படத்தில் இடம்பெறவில்லை, பெயரும் இல்லை. அகத்திற்குரிய நிலமும் இன்றிப் புறத்திற்குரிய பெயரும் இன்றி அம்மனிதர்கள் இடைநடுவில் நிற்கின்றனர். படம் அழகாக இருக்கிறது. அழகுக்குள் இருப்பவர் யார் என்பதே தெரியவில்லை.

இற்றை நாளில்

இப்பழைய கதைக்கு இன்று என்ன பயன் என்று கேட்கலாம். காமரன் அம்மையார் பெருந்துன்பப்பட்டுப் பெற்ற மங்கல் இன்று எளிதிற் கிடைக்கிறது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தோன்றிய லென்ஸ்பேபி என்னும் வில்லை, வளையும் குழாயின் முனையில் அமைந்தது. விரலால் அதனைச் சாய்த்தால் தெளிவான புள்ளி படத்தின் எந்த மூலைக்கும் நகரும், மற்றவை கரையும். 2013ஆம் ஆண்டில் லோமோகிராபி நிறுவனம் பெட்ஸ்வால் வில்லையைப் புதுக் காமிராக்களுக்கு ஏற்பப் பித்தளையில் மீண்டும் செய்விக்கப் பொதுமக்களிடம் பணம் திரட்டிற்று. நிலப்படம் வரைவதற்காக ஆஸ்திரியர் ஷைம்ப்ளுக் 1904ஆம் ஆண்டளவில் விளக்கிய வில்லை சாய்க்கும் முறை, முழுத் தளத்தையும் தெளிவாக்கப் பிறந்தது. இன்று அதையே தலைகீழாக்கி, ஊரைப் பொம்மைக் கொலுவாகக் காட்டப் பயன்படுத்துகின்றனர். 2016ஆம் ஆண்டிலிருந்து கைபேசிகளே முகத்தைக் கண்டறிந்து, பின்னணியைக் கணக்கிட்டு மங்கச் செய்கின்றன. முன்பு கண்ணும் கையும் செய்த தீர்ப்பை இப்போது பொறி செய்கிறது. தீர்ப்புக் கூறியவர் எவர் என்பதே மறந்துவிடுகிறது.

இவ்வில்லைகளை வெறுத்தல் அறிவுடைமை அன்று. பயிலும் மாணவனுக்கு அவை நல்லாசிரியர். எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டும் கருவியை வைத்திருப்பவன் எதையும் கூர்ந்து நோக்காமலே பொத்தானை அழுத்திவிடுவான். தெளிவு ஒரே புள்ளியில்தான் கிடைக்கும் என்றால், அப்புள்ளியை எங்கே வைப்பது என்று எண்ணித்தான் தீரவேண்டும். கண்ணிலா, கையிலா, கையிற் பிடித்த கத்தியிலா? அவ்வெண்ணமே கலையின் தொடக்கம். பால்மரம் சீவும் மூதாட்டியின் முகத்தை மங்கவிட்டுக் கைவிரல் ஒன்றைமட்டும் தெளிவாகக் காட்டும் படம், நாற்பதாண்டு உழைப்பை ஒரே நோக்கிற் சொல்லிவிடக்கூடும். துளையைச் சுருக்கி எடுத்த படத்தில் அவ்விரல் நூறு பொருள்களுள் ஒன்றாய் மறைந்திருக்கும்.

ஆனால் அத்தகைய படங்கள் 'உழைப்பு', 'முதுமை', 'காத்திருப்பு' என்னும் தலைப்புகளோடு காட்சிக்கு வரும்போது, களுத்துறைப் படத்தின் குறை அப்படியே திரும்புகிறது. மூதாட்டி ஒரு பண்புப்பெயராகிவிடுகிறாள். அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் எங்கே?

மலேசியத் தமிழர்க்கு இதில் தனிக் கவலை உண்டு. புரொவின்ஸ் வெல்லெஸ்லி என வழங்கிய இன்றைய செபராங் பிறைக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர் வந்தது காமரன் அம்மையார் இலங்கைக்குச் செல்லுமுன்னரே ஆகும். கரும்புக்குப்பின் ரப்பர் வந்தது. ரப்பருக்குப்பின் செம்பனை வந்தது. இன்று ஜுருவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. தோட்டத்து லயங்களும் சிறு கோயில்களும் பள்ளிக் கட்டடங்களும் பல இடங்களில் இருந்த சுவடின்றிப் போயின. திருமணத்திலோ பள்ளி விழாவிலோ எடுத்த படத்தில் பின்னணியாக மங்கி நிற்கும் மரவரிசை, பத்தாண்டு கழிந்தபின் அவ்விடத்தின் ஒரே சான்றாக இருக்கக்கூடும். அன்று அழகுக்காகக் கரைத்துவிட்டதை எந்தப் பொறியாலும் மீண்டும் தெளிவாக்க இயலாது.

எனவே பள்ளி மலர்களுக்கும் குடும்பத் தொகுப்புகளுக்கும் படமெடுப்போர் இரு படம் எடுத்தல் நன்று. ஒன்று அகன்ற துளையில், முகத்துக்காக. மற்றொன்று சுருங்கிய துளையில், நிலத்துக்காக. இரண்டாவதற்கு ஆகும் செலவு இன்று ஒன்றுமில்லை. அதன்பின் அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுதல் வேண்டும். நிற்போர் வரிசையில் விடுபட்டவர் எவரும் இருத்தலாகாது. சமையற்காரரும் தோட்டியும் உட்பட. மாணவர்க்குப் பொருளதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர், இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து முதல், கரு, உரி என்பவற்றை விளக்கினால் நூற்பா எளிதில் மனத்திற் பதியும்.

காமரன் அம்மையார் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. மங்கலையும் ஒரு மொழியாக்கியவர் அவர். அம்மொழியில் ஹெர்ஷலைப் பற்றி ஒரு காவியம் பாடினார். களுத்துறை முதியவரைப் பற்றி ஒரு வரி எழுதினார். அவ்வரியிற் பெயர் இல்லை. குறை வில்லையினுடையதன்று. எதனைத் தெளிவாக்கலாம் என்பதை வில்லை சொல்லும். யாரைத் தெளிவாக்க வேண்டும் என்பதை அதனைப் பிடித்திருக்கும் கைதான் சொல்லவேண்டும்.